நாற்காலியும் கையெழுத்தும்

அமெரிக்கா போய்த் திரும்பியவர்கள் எழுதுகிற பிரயாணக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தப்பாமல் வந்துவிடும். “அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர், எவ்வளவு எளிமையாக வாழ்ந்திருக்கிறார், பாருங்கள்!” என்பதுதான் அது. எழுதியவர் ஏதோ ஒரு ஜனாதிபதி குடியிருந்த வீட்டுக்குப் போயிருப்பார். அங்கே ஒரு கட்டில், ஒரு சாய்வு நாற்காலி, சுவரில் மாட்டிய தொப்பி, அலமாரியில் நாலு பீங்கான் கோப்பைகள் இவற்றைக் கண்டிருப்பார். கண்டதும் நெஞ்சு இளகிவிடும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த மனுஷர் என்ன செய்தார் என்று கேட்கத் தோன்றாது. உட்கார்ந்தார் என்பதே போதும்.

நானும் அப்படி ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். என் நெஞ்சும் இளகத்தான் செய்தது. இளகியதைப் பற்றித்தான் எனக்குக் கோபம்.

என் தங்கை மகன் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஆஸ்டின் நகரத்தில் இருக்கிறான், கம்ப்யூட்டர் உத்தியோகம். ஒரு வசந்த காலத்தில் அவனோடு நாலு நாள் காரில் சுற்றினேன். 290ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 60 மைல் போனால் ஸ்டோன்வால் என்று ஒரு சிற்றூர். பெடர்னலிஸ் என்ற ஆற்றின் கரையில், ஐக்கிய அமெரிக்காவின் 36ஆவது ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மாட்டுப் பண்ணையும் வீடும் இருக்கின்றன. சாலையின் இரு புறமும் நீலமாகப் பூத்துக் கிடந்தது. புளூபானெட் என்பது பூவின் பெயர். சாலையோரத்தின் அழகைப் பற்றி அந்தத் தேசம் கவலைப்படுவதற்கு 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் காரணம். ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் அம்மையார் பிடிவாதமாக நின்று நிறைவேற்றிக்கொண்ட சட்டம் அது. பூவுக்கு அடுத்தபடி அந்தச் சாலையில் அதிகமாகக் கண்ணில் படுபவை ஒயின் கடைகள். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆற்றுக்கு இக்கரையில் ஓர் அலுவலகம். காசு வாங்காமல் ஓர் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். அதைக் கார்க் கண்ணாடியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். யாரும் கூட வந்து கழுத்தை அறுப்பதில்லை. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் ஒரு பள்ளிக்கூடம். ஒரே அறை. ஜான்சன் நாலு வயதில் இங்கே வந்து உட்கார்ந்தார். 1965 ஏப்ரல் 11ஆம் தேதி, ஏழைக் குழந்தைகளின் கல்விக்கு மத்திய சர்க்கார் பணம் தருவதற்கான சட்டத்தில் இதே இடத்தில், தம் பழைய வாத்தியாரம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இதில் நாடகம் இருக்கிறது என்பவர்கள் இருக்கலாம். இருக்கட்டுமே! நல்ல காரியத்துக்கு ஆடிய நாடகம். கல்லூரிப் படிப்பின் நடுவே அவர் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்ஸிகோ வம்சத்து ஏழைக் குழந்தைகளுக்கு வாத்தியாராக இருந்தவர். பசித்த பிள்ளையின் முகம் தெரிந்தவர். அந்தப் பள்ளிக்கூடத்தின் முன்னால் நான் மனசாரக் கும்பிட்டேன்.

அடுத்து, பிறந்த வீடு. நடுவில் காற்று வீசும் திறந்த நடை, இரு பக்கமும் அறை என்று லட்சணமான சின்ன வீடு. ஆனால் ஜான்சன் பிறந்தது இந்த வீட்டில் அல்ல! 1908இல் அவர் பிறந்த வீட்டை வெகு காலத்துக்கு முன்பே இடித்துவிட்டார்கள். 1964இல், ஜனாதிபதியாக இருக்கும்போதே, அதே இடத்தில் பழையது போலவே ஒன்றைக் கட்டட நிபுணரைக் கொண்டு கட்டிக்கொண்டார். அதில் சாமான்களைப் பரப்பினார், விருந்தாளிகளைத் தங்கவைத்தார், வந்தவர்களிடம் ‘நான் பிறந்த இடம்’ என்று காட்டினார். பதவியில் இருக்கும்போதே தான் பிறந்த வீட்டைத் தானே உண்டாக்கிக்கொண்ட ஜனாதிபதி அந்தத் தேசத்தில் இவர் ஒருவரே. கதாநாயகன் எழுந்து வந்து, “ஓய், முதல் அத்தியாயத்தை நானே எழுதிக்கொள்கிறேன், நீர் தள்ளி உட்காரும்” என்று சொன்னால் எங்களைப் போன்ற எழுத்தாளர்கள் பிழைப்பது எப்படி?

பண்ணையை மறைத்து வைக்கவில்லை, பொய் சொல்லவில்லை. ‘புதிதாகக் கட்டியது’ என்று பூங்காக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். என் வழக்கு வேறு.

பண்ணை வீட்டுக்கு வந்தோம். ஆரம்பத்தில் 1890களில் ஒரு ஜெர்மன் குடியேற்றக்காரர் கட்டிய கல் வீடு. ஜான்சனின் அத்தை ஒருத்தி கைக்கு வந்து, 1951இல் அவளிடமிருந்து ஜான்சன் வாங்கினார். பிறகு வெள்ளை மரச் சுவர்களாக இடமும் வலமும் வளர்ந்துவிட்டது. கட்டடம் பழுதுபட்டது என்று 2018 ஆகஸ்டில் ஜனங்களுக்கு மூடிவிட்டார்கள். நான் போனபோதும் மூடித்தான் இருந்தது. வெளியே புல்வெளியில் நின்று பார்த்தேன். ஓக் மரங்கள் நிழல் பரப்பி நிற்கின்றன. வந்து போன விருந்தாளிகள் ஈரச் சிமெண்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கற்கள் பதித்திருக்கிறார்கள்.

வீடு மூடுவதற்கு முன்னால் என் மருமான் உள்ளே போய்ப் பார்த்தவன். அவன் சொல்லச் சொல்ல எனக்கு அறைகளெல்லாம் கண்ணில் தெரிந்தன.

“மூணு டெலிவிஷன் பெட்டி மாமா, பக்கத்துப் பக்கத்துல. மூணு கம்பெனி செய்தியையும் ஒரே நேரத்துல பார்ப்பாராம். சாப்பாட்டு மேஜையிலகூட அவர் உட்கார்ற இடத்துல டெலிபோன். ஒரு தலகாணி இருக்கு. ‘இது என் பண்ணை, இங்கே என் இஷ்டப்படிதான் நடப்பேன்’ங்கிற மாதிரி அதுல நூல் வேலை பண்ணியிருக்கு.”

“அப்புறம்?”

“தண்ணியிலயும் ஓடற ஒரு நீலக் கார். வந்த மனுஷங்களை அதுல ஏத்திக்கிட்டு, பிரேக் புடிக்கலைன்னு கத்திக்கிட்டே குளத்துல இறக்கிடுவாராம். அவங்க அலறுவாங்க, இவர் சிரிப்பாரு. ரொம்ப ஜாலியான ஆள் மாமா. நம்ம ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் மாதிரி.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்த மனுஷரை நேசிக்க ஆரம்பித்துவிட்டேன். சற்றுத் தள்ளிக் கொட்டகையில், உடம்பெல்லாம் செம்பழுப்பும் முகம் மட்டும் வெள்ளையுமான ஹியர்ஃபோர்டு மாடுகள் நின்றன. ஜான்சன் வளர்த்த மந்தையின் வம்சமாம். இந்தச் சொத்தை 1972இல் தேசத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது, ‘இது நடக்கிற பண்ணையாகவே இருக்க வேண்டும், செத்த சவமாக நிற்கக் கூடாது’ என்ற கருத்தில் நிபந்தனை போட்டிருக்கிறார். கன்று ஒன்று வந்து வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

அந்தக் கன்றின் மூக்கைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இது என் தொழில் ரகசியம்! நாற்பது வருஷமாகக் கதை எழுதுகிறவன் நான். வாசகன் வெறுக்க வேண்டிய ஒரு பாத்திரத்தை அவன் வெறுக்காமல் இருக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஈவிரக்கம் இல்லாத ஒரு வட்டிக்கடைக்காரரைக் காலையில் எழுந்ததும் கன்றுக்குட்டியின் நெற்றியைத் தடவிக் கொடுக்க வையுங்கள். ராத்திரியில் இருமல் வந்து தனியாக எழுந்து உட்காரட்டும். பழைய செருப்பைத் தூக்கிப்போட மனசில்லாமல் தைத்துப் போட்டுக்கொள்ளட்டும். முடிந்தது! பத்துக் குடும்பத்தை அவர் தெருவில் நிறுத்தினாலும் வாசகர்கள், “பாவம், அவரும் மனுஷர்தானே” என்று எனக்குக் கடிதம் எழுதுவார்கள். கதையில் இதைச் செய்கிறோம். செய்யத்தான் வேண்டும். மனுஷனை மனுஷனாகக் காட்டாமல் கதை எதற்கு? ஆனால் கதையில் வருகிற பத்துக் குடும்பத்துக்கும் பசிக்காது. அவர்கள் காகிதக் குடும்பங்கள்.

ஜான்சன் ஆட்சி செய்தது காகித மனிதர்களை அல்ல. தம் பதவிக் காலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இந்தப் பண்ணையில் கழித்தவர் அவர். ‘டெக்ஸாஸ் வெள்ளை மாளிகை’ என்றே இதற்குப் பெயர். வீட்டுக்குப் பின்னால் விமானம் இறங்க நீளமாகத் தார் போட்டிருக்கிறார்கள். ஜனாதிபதியின் பெரிய விமானம் இறங்க அது போதாது. ஆகவே பக்கத்து நகரத்தில் இறங்கி, சின்ன விமானத்தில் மாறி வருவார். அந்தச் சின்ன விமானம் ஒன்றைப் பளபளவென்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மந்திரிகளும் தளபதிகளும் இங்கே வந்து இறங்கினார்கள். இதே புல்வெளியில், இதே மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசினார்கள். அந்த நாற்காலிகள் வெறும் நாற்காலிகளா?

ஒரு விஷயம் சொல்கிறேன். அது நம் அடுப்போடு சம்பந்தப்பட்டது.

1965லும் 1966லும் இந்தியாவில் அடுத்தடுத்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை வந்தால் அடுப்பு எரியும் என்ற நிலை. அமெரிக்காவோடு இருந்த பழைய நீண்ட கால உணவு ஒப்பந்தம் 1965இல் முடிந்தது. ஜான்சன் புதிதாக நீண்ட ஒப்பந்தம் போட மறுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தருவேன், ஒவ்வொரு தவணையையும் நானே பார்த்து விடுவேன் என்று கப்பல்களின் சாவியைத் தன் மடியில் முடிந்துகொண்டார். இந்தக் கொள்கைக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘குட்டைக் கயிறு’ என்று வரும். மாட்டை மேயவிடாமல் முளையோடு ஒட்டிக் கட்டுகிற கயிறு. மாட்டுப் பண்ணைக்காரர் மனசில் பிறந்த கொள்கைக்குப் பொருத்தமான பெயர்தான். கயிற்றின் இந்த முனையில் கட்டுண்டிருந்தது ஐம்பது கோடி ஜனங்கள் வாழ்ந்த தேசம்.

அந்த ஐம்பது கோடியில் நானும் ஒருவன். கோயமுத்தூர் ஜில்லாவில் ஓர் ஊர். எனக்கு ஏழெட்டு வயசு. ரேஷன் கடையில் அரிசியைக் குறைத்துக் கோதுமையைக் கொடுத்தார்கள். கோதுமையை என்ன செய்வது என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. களியாகக் கிண்டிப் பார்த்தாள், கஞ்சியாகக் காய்ச்சினாள், அரைத்துத் தோசையாக வார்த்தாள், கல்லை விட்டு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மஞ்சள் சோளரவையில் உப்புமா. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் போட்ட மூட்டை மூலையில் அடுக்கியிருக்கும். அந்தக் கைகளில் ஒன்று அமெரிக்காவினுடையது, மற்றது நம்முடையது என்று வாத்தியார் சொன்னார். எது நம்முடையது என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம். வயிறு நிறைந்தது; அதை மறுத்தால் நாக்கு அழுகிவிடும். அந்த உப்புமாவைத் தின்று வளர்ந்தவன்தான் இதை எழுதுகிறேன்.

ஜான்சன் தரப்பில் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கொடுத்தார். அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஐந்தில் ஒரு பங்கு 1966இல் நமக்கு வந்தது. தம் காங்கிரஸ் சபையிடம் நமக்காக வாதாடினார். மற்ற தேசங்களும் கொடுக்க வேண்டும் என்று நெருக்கினார். இந்தியாவில் எந்தப் பக்கம் மழை பெய்தது, எந்தப் பக்கம் பெய்யவில்லை என்று அவரே கணக்கு வைத்துப் பார்த்து வந்தார். வறண்ட பூமியில் பிறந்தவருக்கு மழையின் விலை தெரியும். பாருங்கள், இதை எழுதும்போதே எனக்கு அந்த மனுஷர் மேல் மறுபடி பிரியம் வருகிறது! ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு பதினாயிரம் மைலுக்கு அப்பால் பெய்கிற மழையை எண்ணிக்கொண்டிருந்த ஒரு ஜனாதிபதி! எழுத்தாளனை மயக்க இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் எண்ணியது எதற்காக? எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் போதும் என்று பார்ப்பதற்கும்தானே? விவசாயத்துக்கு அதிகப் பணம் ஒதுக்கு, இன்னின்ன சீர்திருத்தம் செய் என்று நிபந்தனைகள் வந்தன. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தோம். டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா இருந்தது 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. அதற்கு மறு மாதம் மாஸ்கோவில் இந்திரா காந்தி வியட்நாம் மீது குண்டு போடுவதை நிறுத்தச் சொல்லும் கூட்டறிக்கையில் சேர்ந்துகொண்டார். ஜான்சனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வருஷக் கடைசியில், பீஹாரில் ஜனங்கள் இலையையும் கிழங்கையும் தேடிக்கொண்டிருந்த சமயத்தில், அடுத்த தவணைக்கு உத்தரவு தாமதமாயிற்று. டில்லியில் இருந்த அவருடைய சொந்தத் தூதர் செஸ்டர் பௌல்ஸுக்கே இது சகிக்கவில்லை. கயிற்றை இழுத்துப் பிடித்ததால்தான் இந்தியா விழித்துக்கொண்டு பசுமைப் புரட்சி செய்தது என்று வாதிக்கிற பண்டிதர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. அதன் பெயர் சி. சுப்பிரமணியம்.

பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். 1964இல் மத்திய உணவு மந்திரி ஆனார். குட்டைக் கயிறு கட்டுவதற்கு முன்பே, புது ரக விதைகளைக் கொண்டுவர வேண்டும், விவசாயிக்குக் கட்டுப்படியாகிற விலை தர வேண்டும் என்று சொந்தக் கட்சிக்காரர்களோடு மல்லுக்கு நின்றவர். உணவுக் கழகத்தை உண்டாக்கி, அதன் முதல் ஜில்லா அலுவலகத்தை 1965 ஜனவரியில் தஞ்சாவூரில் திறந்தவர். அதே வருஷம் நவம்பரில் ரோம் நகரத்தில் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். அமெரிக்கா கேட்டவற்றில் பெரும் பகுதி இவரே செய்ய நினைத்திருந்தவை! 1966இல் மெக்ஸிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்து இறங்கியது. அதற்கு முன்பே டில்லியில் தம் பங்களாவின் புல்வெளியை உழுது, புது ரகக் கோதுமையை விதைத்து, சந்தேகப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் காட்டியவர் அவர். அடுத்த வருஷம், 1967 தேர்தலில், அரிசிப் பஞ்சத்தில் கொதித்துப் போயிருந்த நம் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அது ஜனநாயகம்; நான் குறை சொல்லவில்லை.

இரண்டு புல்வெளிகள். ஒன்றில் நாற்காலி போட்டார்கள், ஒன்றில் ஏர் பூட்டினார்கள். நாற்காலி போட்ட புல்வெளியைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருகிறோம்.

வியட்நாமைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, சொல்லி மாளாது. ஜான்சன் பதவிக்கு வந்தபோது அங்கே சுமார் 16,000 அமெரிக்கத் துருப்புகள் இருந்தன. போகும்போது ஐந்து லட்சத்துக்கு மேல். அந்த யுத்தத்தில் 58,000க்கு அதிகமான அமெரிக்கர்கள் செத்தார்கள். வியட்நாமியர்களை லட்சக் கணக்கில்தான் எண்ண வேண்டும். 1965 கிறிஸ்துமஸுக்குக் குண்டு போடுவதை நிறுத்தி வைத்திருந்தார்கள். பாதுகாப்பு மந்திரி மக்னமாரா பண்டிகைச் சமயத்தில் இந்தப் பண்ணைக்குத்தான் பறந்து வந்தார். இன்னும் சில நாள் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜான்சன் சம்மதித்தார். 37 நாள் நிறுத்திவிட்டு 1966 ஜனவரிக் கடைசியில் மறுபடி ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு நடந்த வீட்டில் நாம் எதைப் பார்க்கிறோம்? டெலிவிஷன் பெட்டிகளை எண்ணுகிறோம்!

பூங்காக்காரர்கள் வியட்நாமை ஒளித்து வைக்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆஸ்டினில் ஜான்சன் பெயரால் உள்ள பெரிய நூலகத்தில் அந்த யுத்தத்தின் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன. படிக்க விரும்புகிறவன் படிக்கலாம். ஆனால் சாமானுக்கு இருக்கிற சக்தி வாக்கியத்துக்கு இல்லை. ‘ஆயிரம் பேர் செத்தார்கள்’ என்று பலகையில் எழுதி, பக்கத்தில் அவருடைய செருப்பை வையுங்கள். பார்க்கிறவன் செருப்பைத்தான் பார்ப்பான். வீட்டுக்கு வந்து செருப்பைப் பற்றித்தான் சொல்வான்.

காரில் திரும்பும்போது இதையெல்லாம் என் மருமானிடம் கொட்டினேன். அவன் பேசாமல் ஓட்டிக்கொண்டு வந்தான். பிறகு சொன்னான்:

“மாமா, நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அந்த ஆள் இல்லேன்னா நான் இங்கே இல்லை.”

அவன் சொன்னது உண்மை. 1965 அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து ஜான்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இன்ன தேசத்துக்காரன் இத்தனை பேர்தான் வரலாம் என்று ஐரோப்பியர்களுக்குச் சாதகமாக இருந்த பழைய பங்கீட்டை அது ஒழித்தது. அதற்கு முன்னால் இந்தியர்களுக்கு வருஷத்துக்குச் சுமார் நூறு இடம். நம் டாக்டர்களும் இஞ்சினீயர்களும் போய், அவர்களுடைய தம்பி தங்கைகள் போய், இன்று ஆஸ்டினில் பொங்கல் வைக்கிறார்கள் என்றால் அந்தக் கையெழுத்தினால்தான். கறுப்பு மக்களுக்கு 1964லும் 1965லும் அவர் போட்டுக் கொடுத்த கையெழுத்துகளும் சாமான்யமானவை அல்ல. அந்தக் காலத்துத் தென் மாகாணத்தில் பிறந்த ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதி அதைச் செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

“சரிடா, நீ எதற்காக அவருக்கு நன்றி சொல்றே? அவர் மாடு வளர்த்தாரே, அதுக்கா? நீலக் காரைக் குளத்துல இறக்கினாரே, அதுக்கா?”

“இல்லை. அந்தச் சட்டத்துக்கு.”

“அப்போ, கையெழுத்துக்குத்தானே? அதையேதான் நானும் கேட்கறேன். நன்றியைக் கையெழுத்துக்குச் சொல்லிட்டு, கோபம் வர்ற இடத்துல மட்டும் கன்னுக்குட்டியைக் காட்டினா எப்படி?”

அவன் சிரித்துவிட்டான். ஒப்புக்கொண்டானா என்பது வேறு விஷயம். சாயங்காலம் தன் சிநேகிதர்களிடம் டெலிபோனில், “மாமாவுக்கு மூணு டெலிவிஷன் பெட்டி கதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்படியானால் பழைய வீடுகளையெல்லாம் இடித்துவிடலாமா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஜான்சனின் வரலாற்றை நாலு பெரிய தொகுதிகளாக எழுதியிருக்கிறார் ராபர்ட் காரோ. முதல் தொகுதி 1982இல் வந்தது. அந்தப் புத்தகத்துக்காக அவர் நியூயார்க்கை விட்டு இந்த மலைப் பிரதேசத்துக்கே குடிவந்து மூன்று வருஷம் இருந்தார். அங்கேயுள்ள கிழவிகள் பழைய வாளியை அவர் கையில் கொடுத்து, “தூக்கிப் பார்” என்றார்களாம். மின்சாரம் வருவதற்கு முன்னால் கிணற்றிலிருந்து வீட்டுக்கு அவர்கள் தூக்கிய வாளி. தூக்கியபோதுதான் அவருக்குப் புரிந்தது, 1930களின் கடைசியில் வாலிப ஜான்சன் காங்கிரஸ் சபையில் இருந்துகொண்டு இந்தக் காட்டுக்கு மின்சாரக் கம்பி இழுத்து வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று. அந்த வாளியும் சாமான்தான். ஆனால் அது ஆண்டவருடைய சாமான் இல்லை, ஆளப்பட்டவர்களுடையது. அது ஜான்சனின் செய்கையைச் சொல்கிறது. சாய்வு நாற்காலி அவருடைய முதுகைத்தான் சொல்லும்.

ஆற்றங்கரையில் ஓக் மரத்தடியில் குடும்பத்தின் மயானம் இருக்கிறது. தாழ்ந்த கல் சுவருக்குள்ளே ஜான்சனும், 2007இல் காலமான அந்த அம்மையாரும் அடுத்தடுத்துக் கிடக்கிறார்கள். 1973 ஜனவரி 22ஆம் தேதி, இந்த வீட்டுப் படுக்கையறையில் மாரடைப்பு வந்து ஜான்சன் இறந்தார். சரியாக ஐந்து நாள் கழித்து, 27ஆம் தேதி, பாரிஸில் வியட்நாம் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கல்லில் பெயரும் தேதியும் இருக்கின்றன. அந்தப் பண்ணை முழுவதிலும் என் மனசை ஏமாற்றாத இடங்கள் அந்தப் பள்ளிக்கூடமும் இந்த மயானமும்தான். ஒன்றில் செய்த காரியம் இருக்கிறது, மற்றதில் தேதி இருக்கிறது. இரண்டிலும் தலையணை இல்லை.

பண்ணை வீட்டைப் பராமரிக்கிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. டெலிவிஷன் பெட்டிகள் இருக்கட்டும், டெலிபோன் இருக்கட்டும், மாடுகள் மேயட்டும். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு கோதுமை மூட்டையையும் வைக்கட்டும்; இரண்டு கைகள் குலுக்குகிற படம் போட்ட மூட்டை. அதில் ஒரு சீட்டுக் கட்டி, எந்தத் தேதியில் கேட்டார்கள், எந்தத் தேதியில் கப்பல் புறப்பட உத்தரவாயிற்று என்று இரண்டே வரி எழுதட்டும். புல்வெளி நாற்காலிகளின் மேலும் அப்படியே: யார் உட்கார்ந்தார், என்றைக்கு, எதைத் தீர்மானித்தார். மூட்டை வைக்க உள்ளே இடமில்லை என்று சொல்வார்களானால், இஷ்டப்படி நடப்பேன் என்று நூலில் தைத்த அந்தத் தலையணையை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும்.